ஒடுக்கு விழுந்த பேட்டரி

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. நடுவுல கணக்கு வரும். பத்தாங்கிளாஸ் கணக்குதான், பயப்படாம வாங்க :-)

ஊர்ப்பக்கம் போனா "என்ன வேலை பாக்குற கண்ணு?"ன்னு கேக்கறவங்களுக்குப் பதில் சொல்றது முன்னெல்லாம் சுலபமா இருந்தது. பம்ப் டிசைன்ல இருக்கேனுங்கன்னா போதும். 1937லயே ஜி.டி.நாயுடு மோட்டார் செஞ்ச ஊர் இது. பம்ப்புன்னா என்னன்னு தெரியாத ஆளே கோயமுத்தூர் ஜில்லாவுல கிடையாது. அடுத்த கேள்வியே "அப்ப நம்ம போர்வெல்லுக்கு எத்தனை ஹெச்.பி. போடலாம்?"னு வந்துடும்.

இப்ப சில வருஷமா வேலை மாறிப் போச்சு. எல்லாரும் ஆபீஸ்ல ஆணி புடுங்குவாங்க, நான் ஆணி அடிக்கிறேன். நிஜமாத்தான். கம்ப்யூட்டருக்குள்ள ஒரு லித்தியம் அயான் பேட்டரியை வரைஞ்சு, அதுல ஆணி இறக்கறது, பக்கவாட்டுல நசுக்கறது, உசரத்துல இருந்து கீழ போடறது, எப்ப ஷார்ட் ஆகுது, எப்பப் பத்திக்குதுன்னு பாக்கறது. இதை எங்க அம்மிச்சிகிட்ட விளக்கினதுக்கு அவங்க கேட்ட ஒரே கேள்வி: "நசுக்கறதுக்கா சாமி சம்பளம் தர்றாங்க?"

தர்றாங்க. நிஜ பேட்டரியை நசுக்கினா பேட்டரியும் போச்சு, சில சமயம் நசுக்கற மெஷினும் போச்சு. பெட்டியோட சுவரை ஒரு மில்லிமீட்டர் தடிமனாக்கினா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க இன்னொரு பேக்கைக் கொளுத்தணும். கம்ப்யூட்டர்ல ராத்திரி ஓடவிட்டுட்டுப் போனா காலைல பதில் இருக்கும்.

செல்லுக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லிடறேன் (யாரும் பிரிச்சுப் பாத்துடாதீங்க). சோமனூர், பல்லடம் பக்கம் தறி பாத்தவங்களுக்கு பீம்ல பாவு சுத்தியிருக்கறது தெரியும். 18650ன்னு ஒரு செல் இருக்கு. 18 மி.மீ விட்டம், 65 மி.மீ நீளம், பேருக்குக் காரணம் அதான். அதுக்குள்ளயும் ஒரு பாவுதான். செம்புத் தாள்ல கிராஃபைட் பூசின ஒரு நாடா, அலுமினியத் தாள்ல லித்தியம் கலந்த ஆக்சைடு பூசின ஒரு நாடா, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொட்டுக்காம இருக்க நடுவுல ஒரு பிளாஸ்டிக் சவ்வு. எல்லாத்தையும் சேத்து இறுக்கிச் சுத்தி, இரும்பு டப்பாவுல போட்டு, பத்திக்கக்கூடிய ஒரு திரவத்தை ஊத்தி மூடிட்டா செல் ரெடி.

அந்தச் சவ்வு சுமார் 20 மைக்ரான். நம்ம தலைமுடியே அதைவிட மூணு நாலு மடங்கு தடிமன். அது கிழிஞ்சா ஷார்ட், ஷார்ட்னா சூடு. 100 டிகிரி சுத்துவட்டாரத்துல கிராஃபைட் மேல படிஞ்சிருக்கற காப்புப் படலம் சிதைய ஆரம்பிக்கும், அதுவே சூட்டைக் கூட்டும். 130 டிகிரியில பாலிஎத்திலீன் சவ்வு உருகும். 200ஐத் தாண்டினா ஆக்சைடுல இருந்து ஆக்சிஜன் வெளிய வரும். தீக்கு வேண்டிய மூணும் ஒரே டப்பாவுக்குள்ள, வெளிக்காத்து கூடத் தேவையில்லை. இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரியில ஆக்சிஜன் அவ்வளவு லேசுல வராது, அது கொஞ்சம் சாது. சாது மிரண்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

இதெல்லாம் ஆபீஸ் சமாச்சாரமாவே இருந்துச்சு, போன ஆடி மாசம் பல்லடத்துல இருந்து பெரிய மாமா போன் பண்ற வரைக்கும்.

"மாப்ள, நீ பேட்டரியெல்லாம் ஒடச்சுப் பாக்கற ஆளாச்சே, ஒண்ணு கேக்கோணும்."

மாமாவுக்கு ஆறு தறி, ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர். பேட்டரியைக் கழட்டி வீட்டுக்குள்ள கொண்டுபோய் சார்ஜ் போடற வகை. ராத்திரி தூக்கிட்டுப் போகும்போது கை வழுக்கி, வாசல்ல சும்மா கிடந்த பழைய ஆட்டாங்கல்லோட விளிம்புல மூலை மோதற மாதிரி விழுந்துடுச்சு. அலுமினியப் பெட்டியில ஒரு ஒடுக்கு. மத்தபடி ஒண்ணுமில்லை. ரெண்டு நாளா வண்டி நல்லா ஓடுது, சார்ஜும் முழுசா ஏறுது. வண்டி வாங்கின கடையில கேட்டதுக்கு, கீழ போட்டதுக்கெல்லாம் வாரண்டி இல்லீங்க, புது பேக் அம்பதாயிரம் கிட்ட ஆகும்னுட்டாங்களாம்.

"ஒடுக்கு எடுக்கற பையன் ஒருத்தன் இருக்கறான், தட்டி நிமித்திக் குடுத்துப்போடுவான். அப்பறம் ஓட்டலாமில்ல?"

நான் கேட்டது ஒரே கேள்விதான். "எங்க வெச்சு சார்ஜ் போடறீங்க மாமா?"

"ஆசாரத்துலதான். அம்மா கட்டல் பக்கத்துல ஒரு ப்ளக் இருக்குதல்லோ, அதுல."

2022 மார்ச் கடைசியில வேலூர்ல நடந்தது ஞாபகம் இருக்கும். வீட்டுல சார்ஜ் போட்டிருந்த எலக்ட்ரிக் பைக் தீப்பிடிச்சு, அந்தப் புகையில மூச்சு முட்டி ஒரு அப்பாவும் 13 வயசு மகளும் இறந்து போனாங்க. அங்க ஒடுக்கு, அடின்னு எதுவும் சேதி வரலை, கதை வேற. ஆனா ராத்திரி, வீட்டுக்குள்ள, தூங்கற மனுஷங்கன்னு மூணும் ஒண்ணுதான். அம்மிச்சிக்கு 84 வயசு, எந்திரிச்சு நடக்கவே ஒரு ஆள் பிடிக்கணும். "நான் ஞாயித்துக்கிழமை வர்றேன், அதுவரைக்கும் அதை வெளிய களத்துல வைங்க மாமா"ன்னு சொல்லிட்டு வெச்சேன்.

போய் அளந்து பாத்தேன். ஒடுக்கு ஆழம் 6 மி.மீ. பேக் எடை 10 கிலோ, விழுந்த உசரம் இடுப்பளவு, 80 செ.மீன்னு வெச்சுக்கலாம். அப்ப மோதின சக்தி சுமார் 78 ஜூல். ஒரு சம்மட்டி அடியளவுதான், பிரமாதம் ஒண்ணும் இல்லை. ஆனா கல்லு விளிம்புல, ஒரே இடத்துல.

ஆபீஸ் சாஃப்ட்வேரைச் சொந்த வேலைக்குத் தொடக்கூடாது. நல்ல வேளையா ஓப்பன் ரேடியாஸ்னு ஒண்ணு 2022ல இருந்து எல்லாருக்கும் திறந்து கிடக்கு. வீட்டு லேப்டாப்ல அதைப் போட்டு ஆரம்பிச்சேன்.

இந்த வேலையோட பெரிய சிக்கல் இங்கதான். மோதல் கணக்குல பொருளைச் சின்னச் சின்னக் கட்டமா வெட்டி, நேரத்தையும் சின்னச் சின்னத் துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டுலயும் ஒவ்வொரு கட்டமும் எப்படி நகருதுன்னு போடணும். நேரத்துண்டு எவ்வளவு சின்னதுன்னா, ஒரு கட்டத்தைத் தாண்ட ஒலிக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அதைவிடக் குறைவா இருக்கணும். செம்புத் தாள் 10 மைக்ரான். செம்புல ஒலி நொடிக்கு நாலாயிரம் மீட்டருக்குக் கிட்ட ஓடும். அப்ப ஒரு துண்டு இரண்டரை நானோ நொடி. நொடியில பத்துல ஒரு பங்கு நடக்கற மோதலுக்கு 4 கோடி துண்டு! அதே 10 மைக்ரான் கட்டமா ஒரு 18650 செல்லை வெட்டினா 1650 கோடி கட்டம். மாமா பேக்ல இந்த மாதிரி செல் 200 இருக்கும். என் லேப்டாப்புக்குக் கருமாதிதான் பண்ணணும்.

இதுக்கு வழி கண்டுபிடிச்சவங்கள்ல முக்கியமானவங்க எம்.ஐ.டி.யில தோமாஸ் வியஸ்பிட்ஸ்கியும் எல்ஹாம் சஹ்ராயியும். 2012 வாக்குல 18650 செல்லுகளைத் தட்டையா அமுக்கி, கம்பியால அமுக்கி, உருண்டையால குத்திப் பாத்தாங்க. அவங்க சொன்னதை நம்மூர் பாஷையில சொல்லணும்னா, பஞ்சு பேலைப் பாருங்கன்னு சொல்லணும். 170 கிலோ பேல்ல ஒவ்வொரு இழையும் எங்க வளைஞ்சிருக்குன்னு யாரும் கணக்குப் போடறதில்லை. மொத்தமா ஒரே பொருள், அமுக்க அமுக்க இறுகும், இழுத்தா லேசுல பிரிஞ்சு வரும், அவ்வளவுதான். செல்லுக்குள்ள இருக்கற சுருளும் அப்படித்தான் நடந்துக்குது. தாள், பூச்சு, சவ்வுன்னு தனித்தனியாப் பாக்காம, ஒரே ஒரு நசுங்கற பொருளா வெச்சுக்கிட்டாலே விசையும் அமுக்கமும் சோதனையோட நல்லாப் பொருந்தி வருது. இன்னொண்ணும் பாத்தாங்க: விசை ஏறிக்கிட்டே போய் திடீர்னு விழற அதே நேரத்துலதான் வோல்டேஜும் விழுது. அதாவது உள்ள கிழியற நேரமும் ஷார்ட் ஆகற நேரமும் ஒண்ணு. அப்ப மெக்கானிக்கல் கணக்கை வெச்சே ஷார்ட் எப்பன்னு சொல்லிடலாம்.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு வெளியாளுங்களுக்குப் புரியாது. 1650 கோடி கட்டம் சில ஆயிரம் கட்டமா சுருங்கிப் போச்சு. கோயில் கட்டிக் கும்பிடலாம்.

பேட்டரியோட மின்வேதியியல் பக்கத்துக் கணக்கு 1993லயே வந்துடுச்சு. டாய்ல், ஃபுல்லர், நியூமன் மூணு பேரும் சேந்து போட்ட சமன்பாடுகள். அதை வேகமாத் தீர்க்க வழி சொன்னவங்கள்ல ஒருத்தர் வெங்கட் சுப்ரமணியன், காரைக்குடி சிக்ரியில பி.டெக். படிச்சவர். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் குடுத்து வந்த அதே சிக்ரிதான். நம்மாளுங்க இந்தத் துறையில நிறையவே இருக்காங்க, இதுக்குத் தனியா ஒரு பதிவு போடணும்.

சரி, மாமா பேட்டரிக்கு வருவோம். ரெண்டு ராத்திரி ஓடவிட்டதுல வந்த விடை: மூலையில இருக்கற மூணு செல்தான் அடி வாங்குது. ரொம்ப அதிகமாப் போட்டாலும் ஒண்ணரை மில்லிமீட்டர் அமுங்கியிருக்கும். ஷார்ட் ஆகணும்னா இதைவிட இன்னும் சில மில்லிமீட்டர் உள்ள போயிருக்கணும். மாடல் பாஸ் மார்க் போட்டுடுச்சு.

நான் மாமாகிட்ட வேண்டாம்னு சொன்னேன்.

"ஏன் மாப்ள, உன்ற கம்ப்யூட்டரே ஆகாதுன்னு சொல்லிப்போட்டுதே?"

நியாயமான கேள்வி. கம்ப்யூட்டர் சொன்னது விழுந்த அந்தக் கண நேரத்தைப் பத்தி. மாமா கேக்கறது இனிமே வரப்போற ராத்திரிகளைப் பத்தி. ரெண்டும் வேற வேற கேள்வி.

அந்த பத்தாங்கிளாஸ் கணக்குக்கு வந்துட்டோம். முழு சார்ஜ்ல ஒரு செல் 4 வோல்ட், அதோட உள்தடை 40 மில்லி ஓம்னு வெச்சுக்குங்க. உள்ள ஒரு புள்ளியில ஷார்ட். அந்த ஷார்ட்டோட தடை 10 ஓம்னா 0.4 ஆம்பியர் ஓடும், அந்தப் புள்ளியில ஒண்ணரை வாட் சூடு. செல் லேசா வெதுவெதுப்பாகி சார்ஜ் இறங்கும், அவ்வளவுதான். தடை ஒரே ஒரு மில்லி ஓம்னா? 97 ஆம்பியர் ஓடும். சூடு 390 வாட்டுக்கு மேல, ஆனா பெரும்பகுதி செல் முழுக்கப் பரவிடும், புள்ளியில 10 வாட்டுக்குள்ளதான். இப்ப நடுவுல 40 மில்லி ஓம் வைங்க. 50 ஆம்பியர். அந்தப் புள்ளியில மட்டும் 100 வாட். பழைய குண்டு பல்பு ஒண்ணோட மொத்த சூடும் ஒரு கடுகு அளவு இடத்துல. சவ்வு உருகறதுக்கு ரொம்ப நேரம் ஆகாது.

அதாவது மோசமான ஷார்ட்டை விட நடுவாந்தரமான ஷார்ட் ஆபத்தா இருக்கலாம். எந்தத் தடை அமையும்னு தீர்மானிக்கறது எந்த அடுக்கு எந்த அடுக்கைத் தொடுதுங்கறது. ஸ்ரீராம் சந்தானகோபாலனும் கூட இருந்தவங்களும் 2009ல இதை அலசியிருக்காங்க. ரெண்டு உலோகத் தாளும் தொட்டுக்கலாம், ரெண்டு பூச்சும் தொட்டுக்கலாம், பூச்சும் தாளுமா தொட்டுக்கலாம். இதுல அலுமினியத் தாள் சார்ஜ் ஏறின கிராஃபைட்டைத் தொடறதுதான் ரொம்ப மோசம்னு கண்டாங்க. பெட்டி எவ்வளவு நசுங்கும்னு என்னால பத்து சதவீதப் பிழைக்குள்ள சொல்ல முடியலாம். 20 மைக்ரான் சவ்வுக்குப் பின்னாடி எது எதைத் தொடும், எவ்வளவு அகலத்துல தொடும்னு ஒரு குறிப்பிட்ட பேட்டரிக்கு யாராலயும் சொல்ல முடியாது.

அடுத்து, நாள் கணக்கு. அமுங்கின இடத்துல சவ்வோட துளைகள் அடைபட்டுப் போயிருக்கும். லித்தியம் அந்த வழியாப் போக முடியாம பக்கத்துல உலோகமாப் படிய ஆரம்பிக்கலாம். கிராஃபைட் ஒவ்வொரு சார்ஜுக்கும் பத்து சதவீதம் உப்பி, மறுபடி சுருங்கும், ஏற்கனவே இறுகிப்போன இடத்துல தினம் ஒரு தடவை நெம்பற மாதிரி. என் மாடல்ல இது எதுவுமே இல்லை.

இது பயங்காட்டற கதை இல்லைங்கறதுக்கு உலகமே பாத்த ஒரு சம்பவம் இருக்கு. 2011 மே மாசம் அமெரிக்க அரசாங்கம் ஒரு செவர்லே வோல்ட் காரைப் பக்கவாட்டுல கம்பத்துல மோதவிட்டு சோதனை பண்ணினாங்க. கார் பாஸ். பத்திக்கவே இல்லை. கொண்டுபோய் யார்டுல நிறுத்திட்டாங்க. மூணு வாரம் கழிச்சு, யாரும் தொடாம நின்னுக்கிட்டு இருந்த கார் எரிஞ்சு, பக்கத்துல நின்ன வண்டிகளையும் சேத்து எரிச்சுது. மோதல்ல பேட்டரியும் அடிபட்டு, குளிர்விக்கற திரவமும் கசிஞ்சிருந்தது. அதுக்கப்புறம் அந்தக் கம்பெனி பேட்டரியைச் சுத்தி இருக்கற சட்டத்தைப் பலப்படுத்தினாங்க.

நம்ம நாட்டுல 2022 தீ விபத்துகளுக்கு அப்புறம் ஏ.ஐ.எஸ். 156 விதியைக் கடுமையாக்கி, 2022 டிசம்பர்லயும் 2023 மார்ச் கடைசியிலயும் ரெண்டு கட்டமாக் கொண்டு வந்தாங்க. நல்ல விதிதான், குறை சொல்லலை. கழட்டற பேக்குன்னா ஒரு மீட்டர் உசரத்துல இருந்து ஆறு தடவை போட்டுப் பாக்கணும். ஆனா போடறது சமமான கான்கிரீட் தரையில. கடைசியில ஒரு மணி நேரம் பாத்துக்கிட்டு இருக்கணும். ஆட்டாங்கல் விளிம்பு அதுல இல்லை. மூணு வாரமும் இல்லை. புதுசா வர்ற டிசைனைத் தரம் பாக்கத்தான் அந்தச் சோதனை, அடிபட்ட ஒரு பேட்டரிக்கு சர்டிபிகேட் குடுக்க இல்லை.

நான் பண்ற மாடலும் அப்படித்தான். பெட்டிக்கும் செல்லுக்கும் நடுவுல 4 மி.மீ இடைவெளி விடலாமா 8 விடலாமா, மூலையில ஒரு விலா எலும்பு வெச்சா எவ்வளவு தாங்கும்னு கேட்டா டாண்ணு பதில் சொல்லும். 2013ல டெஸ்லா கார் ஒண்ணு ரோட்டுல கிடந்த இரும்பு மேல ஏறி, அடித்தகடு ஓட்டையாகித் தீப்பிடிச்சப்ப, 2014ல கீழ டைட்டானியம் கவசம் போட்டாங்களே, அந்த மாதிரி முடிவுகளுக்குத்தான் இந்தக் கணக்கு லாயக்கு.

இதையெல்லாம் மாமாகிட்ட எப்படிச் சொல்றது? கோயமுத்தூரு, திருப்பூரு, ஈரோடுன்னு நம்ம பக்கமே தட்டி நிமித்தி வாழ்ந்த ஊருங்க. எரிஞ்ச மோட்டாருக்குக் காயில் கட்டுவோம், தேஞ்ச ஷாஃப்டுக்கு வெல்டிங் வெச்சுக் கடைஞ்சு எடுப்போம், முப்பது வருஷத் தறிக்கு பட்டறையில பார்ட்ஸ் அடிச்சுப் போடுவோம். தூக்கிப் போடுங்கறது எங்க ஆளுங்க அகராதியிலயே இல்லை. அதுல எனக்குப் பெருமைதான். ஆனா அந்த வித்தை எல்லாம் கண்ணுக்குத் தெரியற சேதத்துக்கு. மோட்டார் எரிஞ்சா வாசனை வரும், பேரிங் போனா சத்தம் வரும். ஒடுக்கு எடுக்கற பையன் பெட்டியை நிமித்திடுவான். உள்ள அமுங்கின சவ்வு நிமிராது. அதைவிட மோசம், நிமிந்த பெட்டியைப் பாத்தா அடிபட்டதே யாருக்கும் தெரியாமப் போயிடும்.

இதைத்தான் சொன்னேன். மாமா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "அம்பதாயிரம்னா ரெண்டு பீம் பாவுக் காசு மாப்ள"ன்னாரு.

"தெரியுமுங்க மாமா."

"நூத்துல எத்தனை பங்கு பத்திக்கும்? அதச் சொல்லு."

"எனக்குத் தெரியாதுங்க. யாருக்கும் தெரியாது. ஒரு பங்கோ, அதுக்கும் கீழயோ இருக்கலாம்."

"அந்த ஒரு பங்குக்கா?"

நான் ஆசாரத்துல இருந்த கட்டிலைப் பாத்தேன். அவரும் பாத்தாரு. அதுக்கப்புறம் அவர் எதுவும் கேக்கலை.

பேக் களத்து மூலையில, வைக்கப்போருக்கும் வீட்டுக்கும் எட்டத்துல, தகரத்துக்கு அடியில போச்சு. கடைக்காரங்க திரும்ப எடுத்துக்கறதுக்கு இழுத்தடிச்சாங்க. 2022 பேட்டரி கழிவு விதிப்படி பழைய பேட்டரியைச் சேகரிக்கற பொறுப்பு தயாரிப்பாளருக்கு இருக்குன்னு நானே நாலு தடவை போன்ல பாடம் எடுத்தேன். ஒருவழியா 23வது நாள் ஒரு ஆட்டோவுல வந்து ஏத்திக்கிட்டுப் போனாங்க. வந்த பையன் அதை சீட்டுக்கு அடியில வெக்கப் பாத்தான், மாமாதான் "பின்னால வை தம்பி"ன்னு சத்தம் போட்டாராம்.

அந்த 23 நாளும் அது பத்திக்கலை. புகையலை, உப்பலை, ஒண்ணுமே ஆகலை. மாமா மூணு மாசம் பழைய டி.வி.எஸ். மொபெட்ல ஓட்டிட்டு, தீவாளி போனஸ் பட்டுவாடா எல்லாம் முடிஞ்சப்புறம்தான் புது பேக் வாங்கினாரு. இப்பவும் ஏதாச்சும் விசேஷத்துல பாத்தா, பந்தியில பக்கத்துல உக்காந்துக்கிட்டு மெதுவாக் கேப்பாரு.

"ஒண்ணும் ஆகலையே மாப்ள?"

"ஆமாங்க மாமா, ஆகலைங்க."